பழைய 944-க்கு ஸ்போர்ட்ஸ் சீட்: எதைத் தேடுவது, எவ்வளவு கொடுப்பது

கேள்வி இதுதான்: உங்களிடம் 1988-ஆம் ஆண்டு போர்ஷே 944 இருக்கிறது. ஓட்டுநர் சீட்டின் வெளிப்பக்க மேடு, அதாவது உடம்பு பக்கவாட்டில் நழுவாமல் பிடிக்கும் ஓரத் திண்டு, கிழிந்து, உள்ளே ஃபோம் பொடிப்பொடியாக உதிர்கிறது. அதைத் தைத்துச் சமாளிப்பதைவிட ஸ்போர்ட்ஸ் சீட் ஒரு ஜோடி வாங்கிப் போட்டுவிடலாம் என்று நினைக்கிறீர்கள். எங்கே தேடுவது, என்ன விலை நியாயம்?

நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். பழைய சீட் வாங்கும்போது நீங்கள் வாங்குவது தோலையோ துணியையோ அல்ல, அதன் எலும்புக்கூட்டைத்தான். சட்டம், சீட் முன்னும் பின்னும் நகரும் தடமான ரெயில், சாய்மானத்தின் கீல், மோட்டார், லீவர் ஆகியவைதான் சீட். மேலே போர்த்தியிருப்பதை எந்த நல்ல குஷன் வேலைக்காரரும் புதிதாகச் செய்து தருவார். வளைந்த சட்டத்தையோ, இனி கிடைக்காத கீல் மூடியையோ அவரால் செய்து தர முடியாது. ஆனால் விற்பவரும் வாங்குபவரும் விலை பேசுவது மேல் உறையைப் பார்த்துத்தான். இந்த இடைவெளியைப் புரிந்துகொண்டவருக்கு நல்ல சீட் நியாயமான விலையில் கிடைக்கும்.

வாங்குவதற்கு முன்னால் ஒன்று. உங்கள் சீட்டின் சட்டம் நன்றாக இருந்து, மேடும் ஃபோமும் மட்டும் போயிருந்தால், புதுப்பிப்பதுதான் எப்போதும் மலிவான வழி. நீண்ட தூரம் ஓட்டுபவருக்கு 944-இன் சாதாரண சீட்டே மிக நல்ல சீட். வளைவில் உடம்பு நழுவுகிறது, முழங்காலை ஊன்றிக்கொண்டு ஓட்ட வேண்டியிருக்கிறது என்றால்தான் ஸ்போர்ட்ஸ் சீட்டுக்கு அர்த்தம் உண்டு. சாதாரண சீட்டில் கூடுதல் ஃபோம் வைத்து மேட்டை உயர்த்தித் தருகிறேன் என்று சிலர் சொல்வார்கள். பின்னால் தாங்குவதற்கு இரும்பு இல்லாத இடத்தில் ஃபோமை மட்டும் உயர்த்தினால் அது சீக்கிரமே வெளிப்பக்கம் சாய்ந்துவிடும். அந்தச் செலவு வேண்டாம்.

சரி, எது பொருந்தும்? 1985-இன் நடுவில் 944-இன் உள்பகுதி முழுவதும் மாறியது. உங்களுடையது அந்தப் புதிய அமைப்பு. அந்தக் காலத்திலிருந்து போர்ஷே தன் வண்டிகள் எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒரே குடும்பத்துச் சீட்டைத்தான் போட்டது. 944, அதன் பின் வந்த 968, 928, அந்தக் காலத்து 911, அதே 911-இன் பிந்தைய வடிவங்களான 964, 1998 வரை வந்த 993 ஆகியவற்றின் சீட்டுகள் ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவு. தரையில் போல்ட் இறங்கும் இடங்கள் இவற்றில் பெரும்பாலும் ஒத்துப்போகும். மாறுவது ரெயிலின் உயரம், மின் இணைப்பு, பெல்ட் பக்கிள் மாட்டும் இடம், துணி, தையல் பாணி. அதனால் தேடும்போது "944 சீட்" என்று மட்டும் தேடாதீர்கள். 968, 928 ஆகிய பெயர்களையும் சேர்த்துத் தேடுங்கள். பிரித்து விற்கப்படும் 928-இலிருந்து வரும் சீட்டைப் பலர் கவனிப்பதே இல்லை.

இந்த உறவால் ஒரு கஷ்டமும் உண்டு. உங்கள் 944-இன் ஸ்போர்ட்ஸ் சீட்டுக்கு விலை வைப்பவர்கள் 944 வைத்திருப்பவர்கள் அல்லர், 911 வைத்திருப்பவர்கள். அவர்கள் வண்டியின் மதிப்பு எகிறிவிட்டதால் சீட்டுக்கும் தாராளமாகக் கொடுக்கிறார்கள். 944-இலிருந்து கழற்றிய ஜோடியை விற்பவர்கூட "911-க்கும் பொருந்தும்" என்றுதான் முதல் வரியில் எழுதுவார். வண்டியின் விலைக்கும் சீட்டின் விலைக்கும் சம்பந்தமே இல்லாததுபோல் தோன்றுவதற்குக் காரணம் இதுதான்.

அடுத்தது, விளம்பரத்தில் ஸ்போர்ட்ஸ் சீட் என்று இருப்பதெல்லாம் ஸ்போர்ட்ஸ் சீட் அல்ல. தோல் உறையும் மின் பட்டன்களும் இருந்தால் போதும், விற்பவர்கள் அந்தப் பெயரை வைத்துவிடுகிறார்கள். ஏமாற்ற வேண்டும் என்று அல்ல, பலருக்கு வித்தியாசம் தெரியாது. படத்தை நேர் முன்னாலிருந்து எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அமரும் பகுதியின் இரண்டு ஓரமும் தொடையைப் பிடிக்கும் அளவுக்கு எழும்பியிருக்க வேண்டும். சாய்மானத்தின் மேடு விலா எலும்பு வரை வந்து அணைக்க வேண்டும். சாதாரண சீட்டில் இரண்டும் தாழ்ந்து, தட்டையாக இருக்கும். இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால், சீட் கழற்றப்பட்ட வண்டியின் விருப்பக் குறியீட்டு ஸ்டிக்கரின் படத்தைக் கேளுங்கள். அந்த வண்டியில் என்னென்ன விருப்ப வசதிகள் இருந்தன என்பதை எண்களில் சொல்லும் ஒட்டுத்தாள் அது. சர்வீஸ் புத்தகத்தில் ஒட்டியிருக்கும். அதில் 383 இருந்தால் இடது ஸ்போர்ட்ஸ் சீட், 387 இருந்தால் வலது ஸ்போர்ட்ஸ் சீட். 437, 438 என்று இருந்தால் அது முழு மின் வசதி கொண்ட சாதாரண சீட். பிஎம்டபிள்யூ பழைய வண்டிகளிலும் இதே வழி உண்டு, அங்கே ஸ்போர்ட்ஸ் சீட்டின் எண் 481. எந்த நிறுவன வண்டியாக இருந்தாலும் குறியீட்டைப் படிக்கக் கற்றுக்கொள்வது பாதி வேலையை முடித்துவிடும்.

எங்கே தேடுவது என்பதற்கு எல்லாரும் முதலில் சொல்வது வண்டிகளை உடைத்துப் பிரித்து விற்பவர்களை. அது சரிதான், ஆனால் இந்த மாதிரி வண்டியில் நல்ல பொருள் அந்தக் கடைக்கு வருவதற்கு முன்பே தொலைபேசியில் விற்றுப்போய்விடும். பந்தயத் தடத்தில் ஓட்டுவதற்காக வண்டியை மாற்றுகிறவர்களைத் தேடுவது எனக்கு அதிகம் பலித்திருக்கிறது. அவர்கள் முதலில் செய்வது சீட்டைக் கழற்றிக் கூடுபோன்ற பந்தய சீட் போடுவதுதான். கழற்றியது வீட்டில் ஒரு மூலையில் இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும். அவர்களுக்குப் பணத்தைவிட இடம்தான் அவசரம். அந்தந்த வண்டிச் சங்கத்தில் "வாங்க விரும்புகிறேன்" என்று நீங்களே ஒரு அறிவிப்பு போடுங்கள். விற்பனைக்கு என்று விளம்பரம் போட யோசிக்காதவர்கள்கூட, கேட்டால் "என்னிடம் ஒரு ஜோடி இருக்கிறது" என்று எழுதுவார்கள். எனக்குக் கிடைத்த மிக நல்ல ஜோடி அப்படி வந்ததுதான். குஷன் வேலை செய்பவர்களிடமும் சொல்லி வையுங்கள். வேலைக்குக் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்க வராதவர்களின் சீட்டுகள் அவர்களிடம் இருக்கும்.

ஒரு நுணுக்கம், இது பலருக்குத் தோன்றாதது. எந்த வண்டியிலும் தேய்வது ஓட்டுநர் சீட்டின் வெளிப்பக்க மேடுதான், ஒவ்வொரு முறை ஏறி இறங்கும்போதும் உரசுவதால். பக்கத்துச் சீட் பல வண்டிகளில் புதிதுபோலவே இருக்கும். இப்போது யோசியுங்கள்: ஸ்டியரிங் வலப்பக்கம் உள்ள வண்டிக்கு வேண்டியது நல்ல வலது சீட். ஸ்டியரிங் இடப்பக்கம் இருக்கும் நாடுகளில் வலது சீட் என்பது பயணி சீட். எனவே எதிர்ப்பக்கம் ஓட்டும் நாட்டிலிருந்து ஜோடியாக வாங்கினால், உங்கள் ஓட்டுநர் சீட்டாக வருவது அதிகம் உட்காராத சீட். தேய்ந்தது பயணி பக்கம் போய்விடும். லீவரும் பட்டனும் சீட் எந்தப் பக்கமோ அதற்கேற்ப அமைந்திருப்பதால் பொருத்துவதில் சிக்கல் வராது. ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: ஓட்டுநர் சீட்டுக்கு மின்சாரத்தில் உயரம் மாற்றும் வசதியும் பயணி சீட்டுக்கு வெறும் கை லீவரும் இருந்த வண்டிகள் உண்டு. அப்படிப்பட்ட ஜோடியில் உங்களுக்குக் கிடைப்பது வசதி குறைந்த சீட்டாக இருக்கலாம்.

நேரில் பார்க்கப் போகும்போது ஒரு டார்ச்சும் பேட்டரியும் இரண்டு கம்பித் துண்டும் எடுத்துப் போங்கள். சீட்டைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்க்க அனுமதி கேளுங்கள். மறுத்தால் அந்த சீட் வேண்டாம். அடியில்தான் உண்மை இருக்கிறது.

முதலில் ரெயில். இரண்டு பக்க ரெயிலும் ஒரே நேரத்தில் ஒரே பல்லில் பூட்ட வேண்டும். ஒன்று முன்னும் ஒன்று பின்னும் நின்றால் சீட் கோணிக்கொண்டு நிற்கும், ஓட்டும்போது முதுகு வலிக்கும். கோணல் சிறியது என்றால் பூட்டை விடுவித்துச் சரி செய்யலாம். சட்டமே முறுக்கியிருந்தால் அந்த வண்டி விபத்தில் அடிபட்டிருக்க வாய்ப்பு அதிகம். சாய்மானத்தை நேராக நிறுத்தி, பின்னாலிருந்து பாருங்கள். இரண்டு தோளும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். பின்பக்கம் இடிபட்ட வண்டியில் ஓட்டுநரின் எடையைத் தாங்கிச் சாய்மானம் பின்னால் வளைந்திருக்கும். மேலே தோல் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது எனக்குப் பழைய இரும்புதான்.

துரு எங்கே இருக்கிறது என்பது எவ்வளவு துரு என்பதைவிட முக்கியம். போல்ட் இறங்கும் காதுகளிலும் வெல்டிங் ஓரத்திலும் உப்பியிருந்தால் வேண்டாம். கம்பிச் சுருளில் மேலோட்டமான செந்துரு பரவாயில்லை. மணத்தைக் கவனியுங்கள். பூஞ்சை மணமும் ரெயிலின் உள்பக்கம் மண் படிவும் சேர்ந்திருந்தால் தண்ணீரில் நின்ற வண்டி. கூரை திறக்கும் வண்டியிலிருந்து வந்த சீட் என்றால் இந்தச் சோதனையை இரண்டு முறை செய்யுங்கள்.

மின் சீட் என்றால் பேட்டரியை இணைத்து ஒவ்வொரு மோட்டாரையும் ஓட்டிப் பாருங்கள். இங்கே உங்களுக்கு லாபம் தரும் ஒரு விஷயம் உண்டு. மோட்டார் ஓடும் சத்தம் கேட்கும், ஆனால் சீட் நகராது. அல்லது ஒரு பக்கம் மட்டும் ஏறும். விற்பவர் "மோட்டார் போய்விட்டது" என்று விலையைக் குறைத்துச் சொல்லுவார். இந்தக் காலத்துப் போர்ஷே சீட்டில் பெரும்பாலும் மோட்டாருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. மோட்டாரிலிருந்து பல்சக்கரப் பெட்டிக்கு முறுக்கைக் கொண்டுபோகும் வளையும் கேபிளின் கதைதான். வருஷம் போகப் போக அதன் வெளிக்குழாயின் நீளம் மாறுவதால் உள்ளே இருக்கும் கம்பியின் நுனி பல்சக்கரத்தில் கவ்வாமல் நழுவிவிடும். கேபிளைக் கழற்றி நீளத்தைச் சரிசெய்து மாட்டினால் திரும்ப வேலை செய்யும். பொறுமை உள்ளவருக்கு ஒரு பிற்பகல் வேலை. மோட்டாரே ஓடவில்லை, பல்சக்கரப் பெட்டி கடகடக்கிறது என்றால் அது வேறு கணக்கு.

ஃபோமை உள்ளங்கையால் அழுத்தி விடுங்கள். திரும்ப எழும்ப வேண்டும். அழுத்திய இடத்தில் சரசரவென்று பொடி உதிரும் சத்தம் கேட்டால் ஃபோமின் பொருளான பாலியூரிதேன் தன் ஆயுளை முடித்துக்கொண்டது. ஈரமும் வெப்பமும் அதை உள்ளிருந்தே அரிக்கும். நான்கு மேடுகளையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பாருங்கள். இன்னும் பழைய, அறுபது எழுபதுகளின் வண்டிகளில் ஃபோமுக்குப் பதிலாக ரப்பர் பாலில் நனைத்த முடிப்படுகை இருக்கும். அது உதிர்ந்தால் அதே மாதிரிப் படுகையாக வாங்கிப் போடுவதுதான் நல்லது, ஃபோமை வெட்டி வைத்தால் உட்காரும் உயரமே மாறிவிடும்.

தோலைப் பொறுத்தவரை வெடிப்பைவிடத் தையல் நூலைப் பாருங்கள். வெயிலில் நூல்தான் முதலில் மக்கும். கட்டைவிரலால் தையலின் இரு பக்கமும் லேசாக இழுத்தால் பல் தெரிவதுபோல் இடைவெளி விட்டால், தோல் நன்றாக இருந்தாலும் பிரித்துத் தைக்க வேண்டிவரும். தோல் எங்கே முடிகிறது, ரெக்சின் எங்கே தொடங்குகிறது என்றும் பாருங்கள். பல சீட்டுகளில் உடல் படும் இடம் மட்டும்தான் தோல், பக்கமும் பின்னும் ரெக்சின். "முழுத் தோல்" என்று விலை சொன்னால் பின்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். புதிதாக நிறம் பூசியிருந்தால் மடிப்பை விரித்துப் பாருங்கள், பழைய நிறம் அங்கே ஒளிந்திருக்கும். நிறம் பூசுவது குற்றமல்ல, ஆனால் அதற்கு அசல் தோலின் விலை கொடுக்கக் கூடாது.

இப்போது விலை. நான் தொகை சொல்லப் போவதில்லை. இடத்துக்கு இடம், மாதத்துக்கு மாதம் மாறும் எண் உங்களுக்கு உதவாது. கணக்குப் போடும் முறையைச் சொல்கிறேன்.

இரண்டு மாதம் எதையும் வாங்காமல், விலைகளை மட்டும் எழுதி வையுங்கள். கேட்கும் விலை வேறு, விற்ற விலை வேறு. ஒரு விளம்பரம் மறைந்ததும் "எந்த விலைக்குப் போனது என்று சொல்ல முடியுமா?" என்று மரியாதையாகக் கேட்டு எழுதுங்கள். பலர் சொல்லிவிடுவார்கள். அதே விளம்பரம் மூன்று மாதமாக நிற்கிறது என்றால் அந்த விலைக்கு அது போகவில்லை என்று பொருள். அப்படி நிற்கும் விளம்பரங்களைச் சந்தை விலை என்று எண்ணி ஏமாறாதீர்கள், அதே நேரம் அந்த விற்பனையாளரை நினைவில் வையுங்கள். நான்காவது மாதம் அவர் பேசும் விதமே வேறாக இருக்கும்.

பிறகு குஷன் வேலை செய்பவரிடம் போய், உங்கள் பழைய சீட்டையே காட்டி, ஸ்போர்ட்ஸ் சீட் ஒரு ஜோடிக்கு முழு உறையும் ஃபோமும் மாற்ற எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். ஒரு முழு மாட்டுத்தோல் ஏறக்குறைய 4 முதல் 5 சதுர மீட்டர் இருக்கும். தழும்பு, வயிற்றுப்பக்கத் தொய்வு எல்லாம் கழித்தால் முன் சீட் ஜோடிக்கு ஒன்றரை முதல் இரண்டு தோல் வரை போகும். கட்டம் போட்ட துணி வேண்டுமென்றால் கோடுகள் ஒவ்வொரு பலகையிலும் சேர வேண்டியிருப்பதால் துணி கூடுதலாக வீணாகும், கூலியும் ஏறும். போர்ஷேயின் பாஷா, பெபிதா போன்ற பழைய நெசவுகள் மறுபடி நெய்து விற்கப்படுகின்றன, விலை தோலைத் தொடும். இந்த வண்டிகளுக்குத் தைத்து முடித்த உறைகளும் கிடைக்கின்றன. பணம் மிச்சம்தான். ஆனால் மேட்டின் வளைவில் அது எப்படி உட்காருகிறது என்பதை யாராவது போட்டுக்கொண்டிருப்பவரின் வண்டியில் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

இப்போது கழித்தல். கணக்குக்காக மட்டும் எண்கள் வைத்துக்கொள்வோம். குறையில்லாத ஜோடியின் விற்ற விலை 100 என்றால், உங்கள் முன்னால் இருக்கும் கிழிந்த ஜோடிக்கு உறை வேலை 45, ஃபோம் 8, உடைந்த கீல் மூடி, பட்டன், ரெயில் உறை போன்ற சில்லறைப் பொருள்கள் 7, கொண்டுவரும் செலவு 8. எல்லாம் சேர்ந்து 68. பிரித்த பிறகு தெரியவரும் கோளாறுக்கு இன்னும் 10 ஒதுக்குங்கள். மிச்சம் 22. கிழிந்த ஜோடிக்கு நீங்கள் கொடுக்கலாம் என்பது அதுதான். விற்பவர் 50 கேட்பார். "நல்ல ஜோடி 100 போகிறது, நான் பாதிக்குத் தருகிறேன்" என்பது அவர் நியாயம். அந்த வாதம் காதுக்கு இனிமையாக இருக்கும், கணக்கில் நிற்காது. கோபப்படாமல், உங்கள் கணக்கை வரிவரியாக அவரிடமே சொல்லுங்கள். நான் அப்படிச் சொன்னபோது ஒத்துக்கொண்டவர்கள் உண்டு, தொடர்பைத் துண்டித்தவர்களும் உண்டு. துண்டித்தவர்களில் ஒருவர் பல வாரம் கழித்து அவராகவே அழைத்தார்.

சில்லறைப் பொருள்கள் என்றேனே, அதைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். நான் ஒருமுறை தோல் நன்றாக இருந்த ஒரு ஜோடியை நல்ல விலைக்கு வாங்கினேன். இரண்டு பக்கத்துக் கீல் மூடியும், ஒரு சாய்மான லீவரின் கைப்பிடியும், பட்டன் பலகையும் இல்லை. விற்றவர் "எளிதில் கிடைக்கும்" என்றார், நம்பினேன். ஒவ்வொன்றாகத் தேடி முடிக்க ஒரு வருஷம் ஆனது, சேர்த்த செலவு பேரத்தில் குறைத்ததைவிட அதிகம். இப்போதெல்லாம் இல்லாத ஒவ்வொரு பிளாஸ்டிக் துண்டையும் எழுதி, அதற்கு விலை பார்த்த பிறகுதான் பேசவே தொடங்குகிறேன்.

இந்தக் கழித்தலைச் சில முறை போட்டுப் பார்த்தால் ஒன்று தெரியும். கிழிந்தவையும் விலை அதிகம், குறையற்றவையும் விலை அதிகம். நடுவில் இருப்பதுதான் நல்ல பேரம்: பழைய அசல் தோல், சுருக்கம் விழுந்தது, நிறம் மங்கியது, ஆனால் தையல் பிரியாதது. சுத்தம் செய்து எண்ணெய் ஊட்டினால் அது இன்னும் பல வருஷம் வரும். அதோடு, பழைய வண்டிக்குள் பழைய தோல்தான் பொருந்தி நிற்கிறது என்பது என் எண்ணம். பளபளக்கும் புதுத் தோல் மற்ற எல்லாவற்றையும் கிழவனாக்கிவிடும்.

உறையை எப்படியும் மாற்றத்தான் போகிறீர்கள் என்றால், யாரும் விரும்பாத நிறத்தைத் தேடுங்கள். அடர் சிவப்பு, பழுப்பு மஞ்சள், வெள்ளை ஜோடிகள் கறுப்பைவிட நன்றாகக் குறைந்த விலைக்குப் போகும், எலும்புக்கூடு ஒன்றேதான். வெளிர் நிறத்தோலைக் கறுப்பாக்குவது எளிது. கறுப்பை வெளிர் நிறமாக்கினால் தேயும் இடமெல்லாம் கறுப்பு எட்டிப்பார்க்கும்.

ஒற்றைச் சீட்டின் விலை ஜோடியின் பாதி அல்ல, அதைவிடக் குறைவு. ஒற்றையாக வாங்கித் துணையைப் பிறகு தேடலாம் என்று இறங்கினால், அதே வருஷம், அதே தோல், அதே வசதி என்று மூன்றும் சேர்ந்து கிடைப்பது அரிது. கடைசியில் இரண்டுக்கும் உறை மாற்றித்தான் ஒன்றாக்க வேண்டிவரும். அந்தச் செலவை முதலிலேயே சேர்த்துக்கொண்டால் மட்டும் ஒற்றை வாங்குங்கள்.

அசல் சீட் அல்லாமல் வெளியிலிருந்து வாங்குவதைப் பற்றியும் கேட்பீர்கள். சீட் செய்யும் ஜெர்மன் நிறுவனமான ரெகாரோ இந்தக் கதையில் அந்நியர் அல்ல. போர்ஷேவுக்கு வண்டி உடல் செய்துகொடுத்த ராய்ட்டர் நிறுவனம்தான் 1963-இல் அந்த வேலையைப் போர்ஷேவிடம் விட்டுவிட்டு, சீட்டுக்காக ரெகாரோ ஆனது. ராய்ட்டர் காரோசரி என்ற பெயரின் சுருக்கம் அது. 1965 ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் தன் முதல் ஸ்போர்ட்ஸ் சீட்டைக் காட்டியது. எனவே பழைய போர்ஷேயில் ரெகாரோ உட்காருவது வெளி உறுப்பு ஒட்டவைத்ததுபோல் இருக்காது. பழைய வண்டிகளுக்கென்றே கிளாசிக் எல்எக்ஸ், கிளாசிக் எல்எஸ் என்ற மாதிரிகளையும் கொண்டுவந்தது. 2024-இல் அந்தக் கார் சீட் நிறுவனம் திவால் நடவடிக்கைக்குள் போனதால், புதிதாக வாங்குபவர் உதிரிப் பொருள் எங்கே கிடைக்கும் என்று விசாரித்துக்கொள்வது நல்லது. புதுச் சீட் வாங்கும்போது சீட்டின் விலையோடு நிற்காதீர்கள். உங்கள் வண்டிக்கான அடிச்சட்டம், ரெயில், பக்கிள் தாங்கி மூன்றும் தனி விலை.

கூடுபோன்ற பந்தய சீட்டுகளில் டூப்ளிகேட் நிறைய. ரெகாரோ, ஜப்பானின் பிரைட் இரண்டும் அதிகம் நகலெடுக்கப்படுபவை. புதிய சீட்டின் விலையில் சிறு பங்குக்குப் "புத்தம் புதியது" என்று வந்தால் அது அசல் அல்ல. இங்கே பேச்சு பிராண்ட் கௌரவம் பற்றியது அல்ல, இடிபடும் நொடியில் உடையாமல் நிற்குமா என்பது பற்றியது. உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏ-வின் முத்திரை உள்ள அசல் பந்தய சீட்டிலும் தேதியைப் பாருங்கள். 8855-1999 என்ற தரத்தில் செய்தவற்றுக்குப் போட்டி ஆயுள் செய்த ஆண்டிலிருந்து 5 வருஷம். 8862-2009 தரத்துக்கு 10 வருஷம். காலம் முடிந்த சீட்டை விற்பவர்கள் அதைச் சொல்லாமல் விட்டுவிடுவார்கள். போட்டியில் இனி ஏற்கமாட்டார்கள் என்பதால் விலை பாதியாவது இறங்க வேண்டும்.

ஆனால் சாலையில் ஓடும் 944-க்கு நான் கூடு சீட்டைச் சிபாரிசு செய்யமாட்டேன். சாதாரண மூன்று முனை பெல்ட்டின் இடுப்புப் பட்டை இடுப்பெலும்பின் மேல் தாழ்ந்து படிய வேண்டும். கூட்டின் உயர்ந்த பக்கச்சுவர் அதைத் தூக்கி வயிற்றின் மேல் ஏற்றிவிடும் வடிவங்கள் பல உண்டு. தவிர, சாய்மானம் மடங்காததால் பின் சீட்டுக்குப் போக வழி இருக்காது, வாகனப் பரிசோதனையும் காப்பீடும் இடத்துக்கு இடம் கேள்வி எழுப்பும். சாய்மானத்தில் தோள் பட்டை நுழைய ஓட்டை இருக்கிறது என்பதற்காக மட்டும் நான்கு முனை பட்டை மாட்டுவதும் கூடாது. வண்டி கவிழ்ந்து கூரை இறங்கும்போது நிமிர்ந்தே கட்டப்பட்டிருப்பவருக்கு ஒதுங்க இடமில்லை.

பிற்காலத்து வண்டியின் சீட்டைப் போடும் ஆசை வந்தால், பக்கவாட்டு ஏர்பேக் உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். வால்வோ 1995 மாடல் 850-இல் சீட்டுக்குள் அதை வைத்த பிறகு மற்றவர்களும் வைக்கத் தொடங்கினார்கள். இணைக்கப்படாமல் கிடக்கும் வெடிப்பொருளின் மேல் உட்காருவது நல்ல யோசனை அல்ல, அனுப்பி வைப்பதற்கும் அது ஆபத்தான சரக்கு. பெல்ட்டே சீட்டோடு சேர்ந்த வண்டிகள், உதாரணமாக மெர்சிடிஸ் எஸ்எல் ஆர்129, இன்னொரு விதத்தில் எச்சரிக்கை. அங்கே பெல்ட்டின் இழுவை முழுவதையும் தாங்குவது சீட்டின் சட்டமும் அதற்கென்று செய்த தரையும்தான். அந்த வண்டிக்கு வேறு சீட் போடவும் கூடாது, அந்த சீட்டை வேறு வண்டிக்குப் போடவும் கூடாது.

வாங்கும் முன் உங்கள் வண்டிக்குள் இரண்டு அளவு எடுத்துவிடுங்கள். கதவின் அடி ஓரத்துக்கும், இரண்டு சீட்டுக்கும் நடுவே தரையில் எழும்பியிருக்கும் நடு மேட்டுக்கும் இடையே உள்ள அகலம் ஒன்று. ஸ்டியரிங்கின் கீழ் விளிம்புக்கும் உங்கள் தொடைக்கும் உள்ள இடைவெளி மற்றொன்று. 944-இல் ஸ்டியரிங் தாழ்வு என்பது பழைய புகார். ஸ்போர்ட்ஸ் சீட்டின் தொடை மேடு அந்த இடைவெளியை இன்னும் குறைக்கும். தோள் அகலமானவர்களுக்குச் சாய்மானத்தின் மேடு பிடிப்பாக இல்லாமல் நெருக்கடியாக இருக்கும். எப்படியாவது ஒரு மணி நேரம் அந்த சீட்டில் உட்கார்ந்து பாருங்கள், யாராவது ஒருவரின் வண்டியில். ஐந்து நிமிஷத்தில் எல்லாச் சீட்டும் சுகம்தான்.

வெகு தூரத்திலிருந்து வரவழைப்பதென்றால், ரெயிலைச் சாய்மானத்தோடு படாதபடி அட்டையால் கட்டச் சொல்லுங்கள். வழியில் சீட் சேதமாவது பெரும்பாலும் வெளி இடியால் அல்ல, ஒரு சீட்டின் ரெயில் மற்றதன் தோலைக் கிழிப்பதால்.

பொருத்தும் நாளில் பேட்டரியைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். பழைய போல்ட்டின் மரை தேய்ந்திருந்தால் அதே தரத்தில் புதியது போடுங்கள், கைக்கு வந்ததை அல்ல. பந்தய விதியிலேயே சீட்டின் நான்கு பிடிமானத்துக்கும் குறைந்தது 8 மி.மீ. போல்ட் கேட்கிறார்கள். சாலை வண்டிக்கு மட்டும் அதைவிட மெல்லியது போதும் என்று நினைக்கக் காரணமில்லை. பெல்ட் பக்கிள் சீட்டில் மாட்டியிருக்கிறதா, நடு மேட்டிலா என்று இரண்டு வண்டியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மாறினால் போர்ஷேயின் தாங்கியையே வாங்கிப் போடுங்கள், கடையில் வளைத்த தகட்டை நம்ப வேண்டாம். முழு மின் சீட் வாங்கியிருந்தால், உங்கள் வண்டியின் கம்பளத்துக்கு அடியில் அதற்கான வயர் வந்திருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் ஃபியூஸ் பெட்டியிலிருந்து தடித்த வயரில், தனி ஃபியூஸோடு புது இணைப்பு கொடுங்கள். விளக்குக்குப் போகும் மெல்லிய வயரில் ஒட்டுப்போட்டால் சீட் மோட்டார் இழுக்கும் மின்சாரத்தில் அது சூடாகிவிடும்.

கழற்றிய உங்கள் அசல் சீட்டுகளை விற்றுவிடாதீர்கள். பிளாஸ்டிக்கில் சுற்றினால் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும், பழைய பருத்தி விரிப்பில் மூடி, தரையில் படாமல் பலகை மேல் வையுங்கள். நிறம் பொருந்தும் தோல் துண்டு தேவைப்பட்டால் அவற்றின் பின்பக்கத்திலிருந்து எடுக்கலாம், கீல் மூடியோ ஒரு லீவரோ உடைந்தால் அங்கே ஒன்று இருக்கும். நாளை வண்டியை விற்கும்போது குறியீட்டு ஸ்டிக்கரில் உள்ளதும் வண்டியில் உள்ளதும் ஒத்துப்போக வேண்டும் என்று கேட்பவரிடம் அந்த ஜோடியையும் சேர்த்துக் கொடுக்கலாம்.